வண்டிக்கு செராமிக் கோட்டிங் தேவையா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

"அத்தான், சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். இருபத்தெட்டாயிரம், வரி தனி. போட்டுரவா?"

என் மனைவியின் தம்பி ஷோரூமில் நின்றுகொண்டே போன் செய்தான். புது கார், கறுப்பு நிறம், மறுநாள் டெலிவரி. சாவி கைக்கு வருவதற்குள் இன்னொரு தாளில் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். "இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லு மாப்ளே, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, பேசலாம்" என்றேன்.

செராமிக் கோட்டிங் மோசம் என்று நினைத்து நான் அப்படிச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் என் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. 2017-இல் வாங்கிய கருநீல வண்டியில் கோட்டிங் இருக்கிறது. 2021-இல் மனைவிக்கு வாங்கிய வெள்ளை வண்டியில் இல்லை. ஒரே தெரு, ஒரே வெயில், ஒரே உப்புக் காற்று. இரண்டையும் நானேதான் கழுவுகிறேன். அதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அது என்ன என்று தெரிய வேண்டும். வண்டித் தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் இவை எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவு. நாம் பார்க்கும் பளபளப்பு முழுவதும் அந்த 40 மைக்ரானில்தான் இருக்கிறது. செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா வகையைச் சேர்ந்த ஒரு திரவம். சின்னக் குப்பியில் வரும். தேய்த்ததும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, கிளியர் கோட்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்தின் கனம் ஒரு மைக்ரான், கூடிப்போனால் இரண்டு.

இவ்வளவு மெல்லிய படலத்தால் என்ன செய்ய முடியும்? தண்ணீர் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். தூசியும் சேறும் பிடித்துக்கொள்ளாது, கழுவுவது சுலபம். காக்கை எச்சம், மரப்பால், தார்த்துளி போன்றவை பெயிண்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் தாமதமாகும். நிறத்துக்கு ஒரு ஆழம் வரும். இதெல்லாம் உண்மை, நான் அனுபவிப்பது. கல் தெறித்தால் தாங்காது. கோடு விழாமல் காக்காது. துருவைத் தடுக்காது. உப்புத் தண்ணீர்க் கறை வராமல் செய்யாது. கழுவாமல் விட்டுவிடலாம் என்பதும் இல்லை.

கோடு விழாது என்று நம்ப வைப்பது '9ஹெச்' என்ற சொல். அது பென்சில் சோதனையின் அளவு. மென்மையான பென்சிலில் தொடங்கி 9ஹெச் என்ற கடினமான பென்சில் வரை ஒவ்வொன்றாக எடுத்து, 45 பாகைச் சாய்வில், 750 கிராம் எடையோடு பரப்பின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில் வரை கீறவில்லையோ அதுதான் கடினத்தன்மை. பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். எங்கள் பக்கத்தில் வண்டி மேல் வந்து உட்காருவது பென்சில் இல்லையே! என் அம்மா வீடு காயாமொழிப் பக்கம். ஆடிக் காற்றில் குதிரைமொழித் தேரியின் செம்மணல் பறந்து வந்து பானட்டில் ஒரு பூச்சு போலப் படிந்திருக்கும். அந்த மணலில் நிறைய குவார்ட்ஸ் இருக்கிறது, கண்ணாடியையே கீறக்கூடியது. ஒரு துணியால் அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் எந்த 9ஹெச்சும் நிற்காது.

இது எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 2017-இல் நானும் ஷோரூமிலேயே கையெழுத்துப் போட்டேன். 24,000 ரூபாய், மூன்று வருட உத்தரவாதம் என்று ஒரு சின்னப் புத்தகம். முதல் இரண்டு மாதம் தண்ணீர் முத்து முத்தாக ஓடியது. ஆறாவது மாதம் வெயிலில் பார்த்தால் பானட் முழுவதும் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமான கோடுகள். கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்ப் புள்ளிகள். சித்திரை மாதம் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது காக்கை எச்சம் ஒன்று காய்ந்து, அடியில் கிளியர் கோட்டையே சுருக்கிவிட்டது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். கோடு உத்தரவாதத்தில் வராது, தண்ணீர்ப் புள்ளி வராது, பறவை எச்சத்தை உடனே துடைத்திருக்க வேண்டும், ஆறு மாத சர்வீஸுக்கு நீங்கள் வரவில்லை என்று வரிசையாகக் காட்டினார்கள். எல்லாமே அந்தப் புத்தகத்தில் அச்சாகி இருந்தன. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை யாரும் எனக்குத் திறந்து காட்டவில்லை.

அப்புறம்தான் எங்கள் ஏரியா டிங்கரிங் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். முப்பது வருடமாகப் பெயிண்ட் அடிப்பவர். போன் டார்ச்சைப் பானட்டின் மேல் பிடித்துக் காட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "தினமும் காலைல எத வச்சு துடைக்கீங்க?" பழைய வேட்டித் துணி. தண்ணீர் கூட இல்லாமல், ஆபீஸ் கிளம்பும் முன் இரண்டு நிமிடம். எல்லாரும் செய்வதுதான். "அதுதான் இந்தக் கோடு. கோட்டிங் போட்டாலும் விழும், போடாட்டாலும் விழும்" என்றார்.

அதனால் யார் என்னைக் கேட்டாலும் முதலில் வண்டியைத் துடைக்கும் கையைப் பற்றித்தான் கேட்கிறேன். தினமும் காய்ந்த துணியால் துடைப்பவரா நீங்கள்? அடுக்குமாடியில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டியைத் துடைப்பவரிடம் விட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் அதை மாற்றாமல் கோட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். மாற்றுவதற்கு ஆகும் செலவு கோட்டிங் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இரண்டு வாளி, ஒரு மைக்ரோஃபைபர் கையுறை, காரம் இல்லாத கார் ஷாம்பு, நீளமான உலர்த்தும் டவல் ஒன்று. முதலில் வெறும் தண்ணீரை அடித்து மணலை இறக்கிவிட வேண்டும், அதுவரை எந்தத் துணியும் பெயிண்டைத் தொடக்கூடாது. ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலசச் சுத்தமான தண்ணீர். கூரையிலிருந்து கீழே வர வேண்டும், சக்கரமும் அடிப்பாகமும் கடைசி. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். வண்டியில் தூசி இருக்கிறதே என்று உறுத்தினால் வாரம் ஒருநாள் முறையாகக் கழுவுங்கள். மற்ற நாட்களில் தூசி அப்படியே இருக்கட்டும், பெயிண்டுக்கு அதனால் கெடுதல் இல்லை.

அடுத்தது தண்ணீர். இதில் நான் நிறைய பட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கிப் பார்த்தேன். போர் தண்ணீர் 1,900 காட்டியது. வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் 300-க்குள் நின்றது. குடிநீருக்கே 500-க்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர அளவு. போர் தண்ணீரில் கழுவிவிட்டுக் காய விட்டால் தண்ணீர் மட்டும் ஆவியாகும், சுண்ணமும் உப்பும் பெயிண்டில் தங்கிவிடும். கோட்டிங் போட்ட வண்டியில் இது இன்னும் மோசமாகத் தெரியும். தண்ணீர் பரவாமல் முத்தாக நிற்கிறது அல்லவா, ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டம் ஆகிவிடும். முத்து முத்தாக நிற்பதைத்தான் விளம்பரத்தில் காட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் ஊரில் அந்த முத்துதான் தொல்லை.

நான் இப்போது கழுவுவது போர் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் இரண்டு வாளி ஆற்றுத் தண்ணீரில், உடனே டவலால் ஒற்றி எடுப்பது. காலை ஒன்பது மணிக்கு மேல் கழுவுவதே இல்லை. புள்ளி விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரை அதே அளவு தண்ணீரில் கலந்து, நிழலில், குளிர்ந்த பரப்பில் துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்து அலசிவிடுவேன். புதிய புள்ளி போய்விடும். மாதக்கணக்கில் விட்ட புள்ளி பாலிஷ் போட்டால்தான் போகும். உங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர் மட்டும்தான், உடனே துடைக்கவும் நேரமில்லை என்றால் கோட்டிங் உங்களுக்குச் சந்தோஷம் தராது.

வண்டி எங்கே தூங்குகிறது என்பதும் பெரிய விஷயம். மூடிய ஷெட் என்றால் அவசரமே இல்லை. மரத்தடி, திறந்த வாசல், காக்கை உட்காரும் மின்கம்பி என்றால் கோட்டிங் உண்மையாகவே உதவும். எச்சம் விழுந்தால் சுடுவெயிலில் சில மணி நேரத்திலேயே கிளியர் கோட்டில் தடம் பதியும். கோட்டிங் இருந்தால் அந்த நேரம் கொஞ்சம் நீளும், துடைக்கும்போதும் சுலபமாக வந்துவிடும். ஆனால் இரண்டு நாள் எல்லாம் தாங்காது. நான் வண்டியில் எப்போதும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் வைத்திருக்கிறேன். ஊற வைத்து, தேய்க்காமல் தூக்கி எடுக்க வேண்டும்.

ஆயுத பூஜை சந்தனத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பானட்டில் பட்டை போட்டுக் குங்குமம் வைத்து ஒரு வாரம் விட்டால் கறை நிற்கும். வெளிர் நிற வண்டியில் மஞ்சளாக நன்றாகவே தெரியும். முன்கண்ணாடியில் வைத்துவிடுங்கள், பூஜைக்கு ஒரு குறையும் இல்லை. மாலை கட்டும் கம்பியையும் பெயிண்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்தையும் யோசியுங்கள். கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பில் ஒவ்வொரு கோடும் தெரியும். வெள்ளையிலும் வெள்ளியிலும் கண்ணுக்குப் படாது. மனைவியின் வெள்ளை வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்ப்ரே சீலன்ட் (வாக்ஸ் மாதிரி பெயிண்டின் மேல் அடிக்கும் பாதுகாப்புத் திரவம்) அடித்துத் துடைக்கிறேன், நாற்பது நிமிட வேலை. 500 மில்லி பாட்டில் 900 ரூபாய், ஒரு வருடம் வருகிறது. இத்தனை வருடத்தில் அந்த வண்டிக்கு வேறு எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் நிற்கும் நீல வண்டிக்குச் சராசரியாக வருடம் 5,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்றால், மழை பெய்து ஓய்ந்ததும் நீல வண்டி பாதி சுத்தமாகவே நிற்கும். கழுவ 25 நிமிடம், வெள்ளைக்கு 40. மாலை வெயிலில் அந்த நீலத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மனசு நிறைகிறது. அதற்காகவே பணம் கொடுப்பேன் என்பவர் தாராளமாகக் கொடுக்கலாம். வண்டியை மூன்று வருடத்தில் விற்றுவிடுவேன் என்பவருக்கு வாக்ஸோ சீலன்ட்டோ போதும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். "உப்புக் காற்றுக்கு கோட்டிங் போட்டே ஆகணும் சார்" என்று சொல்வார்கள். துரு நல்ல பெயிண்டின் மேலிருந்து தொடங்குவதில்லை. கல் பட்டுப் பெயிண்ட் போன இடத்திலும், கதவின் அடி மடிப்பிலும், சக்கர வளைவுக்கு உள்ளேயும், வண்டியின் அடிவயிற்றிலும்தான் தொடங்கும். செராமிக் அங்கே எங்கேயும் போவதில்லை. உப்பளம் வழியாகவோ கடலோரமாகவோ போய் வந்தால் அடியில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, கதவின் கீழே இருக்கும் சின்ன வடிகால் ஓட்டைகளில் மண் அடைக்காமல் பார்ப்பது, கல் பட்ட புள்ளியில் அந்த வாரமே டச்-அப் பெயிண்ட் வைப்பது, இவைதான் தூத்துக்குடி வண்டியைக் காப்பாற்றும். கையில் பணம் குறைவாக இருந்தால் கோட்டிங்கைத் தள்ளிவைத்து அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள்.

கல் தெறிப்பதுதான் உங்கள் கவலை என்றால் கேட்க வேண்டியது பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்ஷன் பிலிம்) என்ற படலம். 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியுரேத்தேன் பிலிம், கோட்டிங்கைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. திருநெல்வேலி நாலுவழிச்சாலையில் லாரிக்குப் பின்னாலேயே தினமும் போகிறவர்களுக்கு அது பொருத்தம். முழு வண்டிக்கும் போட்டால் செலவு செராமிக்கைவிடப் பல மடங்கு ஆகும். அதனால் பானட், முன் பம்பர், பக்கக் கண்ணாடிகளின் மூடிகள் மட்டும் போடலாமா என்று கேளுங்கள்.

சரி, எல்லாம் யோசித்துப் போடலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், எங்கே போடுவது? கோட்டிங்கில் குப்பியைவிட அதற்கு முந்தைய வேலைதான் முக்கியம். கீழே இருக்கும் கோடுகளையும் கறையையும் அப்படியே உள்ளே வைத்து மூடிவிடும் அது. என் 2017 கோட்டிங் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. 2020-இல் ஒரு சின்னப் பட்டறையில் மறுபடி போட்டபோது வண்டி மூன்று நாள் அங்கே நின்றது. முதல் நாள் கழுவி, இரும்புத் துகள் கரைக்கும் திரவம் அடித்தார்கள். சக்கரத்தைச் சுற்றி ஊதா நிறமாக வழிந்தது. அப்புறம் களிமண் மாதிரி ஒரு கட்டியால் முழு வண்டியையும் வழித்தார்கள். இரண்டாம் நாள் பாலிஷ். அதற்கு முன் ஒரு மீட்டரை வைத்துப் பெயிண்ட் கனத்தை ஒவ்வொரு பகுதியாக அளந்தார்கள். பானட் 112, கூரை 118, இடது பின்கதவு மட்டும் 240. அந்தக் கதவு ஒருமுறை அடிபட்டுப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தது. அளக்காமல் பாலிஷ் மெஷினை வைக்கிற கடையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் ஓரிரு மைக்ரானைத் தின்றுவிடும், இருப்பது நாற்பதுதான். மூன்றாம் நாள் ஆல்கஹால் கலவையால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மூடிய அறைக்குள் கோட்டிங். எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்று வருடத்துக்கு மேல் நன்றாக நின்றது.

கடையில் கேட்க வேண்டியதை நேராகவே கேளுங்கள். எந்தக் குப்பி, எத்தனை மில்லி, என் கண் முன்னால் திறப்பீர்களா? பாலிஷ் எத்தனை கட்டம்? உத்தரவாதம் எதற்கெல்லாம் இல்லை? கட்டாய சர்வீஸ் வருடத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை விலையோடு கூட்டிப் பாருங்கள். மச்சினனுக்குச் சொன்ன 28,000 வரியோடு 33,040. வருடம் இரண்டு சர்வீஸ், ஒன்றுக்கு 1,500 என்று மூன்று வருடத்துக்கு இன்னொரு 9,000. கோட்டிங்கின் உண்மையான விலை 42,040 ரூபாய்.

பட்டறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதி இருந்தால் ஒரு மாதமாவது பொறுங்கள், உள்ளே இருக்கும் தின்னர் ஆவியாகி வெளியேற வேண்டும். கம்பெனி பெயிண்ட் 140 டிகிரி அளவு சூட்டில் அடுப்பில் வேகவைத்தது, அதற்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. கோட்டிங் முடிந்த பிறகு முதல் நாள் தண்ணீரே படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் போடாதீர்கள். தை, மாசி நல்ல காலம்.

நானே வீட்டில் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. போடலாம், 30 மில்லி குப்பி தனியாகக் கிடைக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ச் சூட்டில் மிக வேகமாக இறுகும். இரண்டடிக்கு இரண்டடி மட்டும் தேய்த்து, வானவில் நிறம் ஓடியதும் உடனே துடைத்துச் சமன் செய்ய வேண்டும். தவறவிட்ட இடம் கறுப்புத் திட்டாக இறுகிவிடும், பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். துடைத்த துணியும் கல்லாகிவிடும், மறுபடி பெயிண்டில் வைக்காமல் தூக்கிப் போட வேண்டும். கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். முதல்முறை என்றால் ஸ்ப்ரே சீலன்ட்டில் பழகிக்கொள்வது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் பாளையங்கோட்டையிலிருந்து வண்டியோடு வந்தான். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவச் சொன்னேன். வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும். புது வண்டி, வழவழ என்று இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம், ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் நாலைந்து வட்டக் கோடுகள், டெலிவரிக்குத் துடைத்தபோது விழுந்தவை. அவன் வண்டி நிற்பது அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், நிழலில். ஆற்றுத் தண்ணீர் வருகிறது. மாதம் 500 ரூபாய்க்கு வாட்ச்மேன் அண்ணன் தினமும் எல்லா வண்டியையும் துடைத்துக் கொடுக்கிறார்.

தை வரைக்கும் கோட்டிங்கைத் தள்ளிவைக்கலாம் என்று அவனே முடிவு செய்தான். போகும் வழியில் இரண்டு வாளியும் கையுறையும் வாங்கிப் போனான். வாட்ச்மேன் அண்ணனுக்கு 500 ரூபாயை நிறுத்தவில்லை. டயரையும் கண்ணாடியையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பெயிண்டை நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறானாம்.